கள்ளியங்காட்டின் பூட்டிய வீடுகள்

அரசாணைப்படி அந்தக் கணினிக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. எங்கள் அலுவலகத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஜோசியர் என்போம்.

கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே ஊராகி, ஜனத்தொகை ஒன்றேகால் கோடியைத் தொட்ட பிறகு வந்தவர் ஜோசியர். ஒன்றேகால் கோடிப் பேருக்கும் அவருக்குள் ஒவ்வொரு பிரதி இருக்கிறது. பிரதி காலையில் எழுந்து வேலைக்குப் போகும், பிள்ளையைப் பள்ளியில் விடும், ஆஸ்பத்திரிக்குப் போகும், மாமியார் வீட்டுக்கும் போகும். முப்பது வருட வாழ்க்கையை நாலு மணி நேரத்தில் வாழ்ந்து முடித்துவிடும். எந்தச் சாலை எப்போது நெரியும், எந்த ஊருக்கு 2081இல் ரயில் வேண்டும் என்பதை அந்த ஓட்டத்தைப் பார்த்து அவர் சொல்வார். அவர் சொல்வதுதான் திட்டம். அமைச்சரே வந்து நின்றாலும் ஒரு பஸ் நிறுத்தத்தை நூறடி நகர்த்த முடியாது. சட்டம் அப்படி.

அந்தச் சட்டத்தை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். என் தோட்டத்துக்குள் ரோடு வேண்டாம், அடுத்தவன் தோட்டத்துக்குள் விடு என்று வரும் பெரிய மனிதர்களைப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருந்த காலம். ‘2081க்குள் இப்பெருநகரில் எவரும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணத்தில் கழிக்கலாகாது’ என்ற முதல் வரி என்னுடையது. கூட்டத்தில் கைதட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

என் பெயர் மிதுன்குமார். மேற்குப் பெருநகரப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமைத் திட்ட அலுவலர். வயது நாற்பத்து நாலு. இதையெல்லாம் சொல்வது பெருமைக்கு இல்லை. யார் செய்தது என்று பின்னால் குழப்பம் வரக் கூடாது, அதற்காக.

இந்த வருட ஆரம்பத்தில் சரக்குப் பாதைக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கிழக்கு எல்லையில் எழுபது கிலோமீட்டருக்கு அதிவேகச் சரக்கு ரயில் ஓடப்போகிறது. இரண்டு பக்கமும் இருபதடிச் சுவர். சுவருக்கு அடியில் பதினாலு சுரங்கப்பாதைகள். எங்கெங்கே என்று ஜோசியர் சொல்லிவிட்டார். கூட்டம் வெறும் சம்பிரதாயம்தான், வந்தவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் உண்டு.

மதியத்துக்கு மேல் ஒரு பெண் எழுந்தாள். நாற்பது வயதிருக்கும். ஏதோ வில்லாக் குடியிருப்பின் துப்புரவுச் சீருடை, நீலக் கோட்டு. மைக்கை வாங்கியதும் அதைப் பக்கத்தில் இருந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாதாரணமாகப் பேசினாள்.

“வணக்கமுங்க. என் பேரு தர்ஷினிங்க. கள்ளியங்காட்டுல இருந்து வர்றேன். எங்களுக்கு ஒரு சப்வேயும் காட்டலீங்க படத்துல. சுவர் வந்துட்டா காலைல நாலு நாப்பது பஸ்ஸு இருபத்திமூணு கிலோமீட்டர் சுத்திப் போகோணும். அதுனால பஸ்ஸயே நிறுத்தறோம்னு டெப்போவுல சொல்லிப்போட்டாங்க.”

“கோரிக்கையைச் சுருக்கமாச் சொல்லுங்கம்மா” என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

“எங்கூட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சுங்க. செவ்வா, வியாழன், சனி மூணு நாளும் ரத்தம் சுத்தி பண்ணோணும். கெவருமெண்டு ஆஸ்பத்திரி, முப்பத்திநாலு கிலோமீட்டரு. அந்தப் பஸ்ஸுல போனாத்தான் ஆறரைக்கு மிஷின் கிடைக்கும். ரெண்டு தடவ விட்டா ஆளு மூச்சு முட்டிக் கிடப்பாரு. மூணாந்தடவ விட்டா இல்லீங்க. அவ்வளவுதான் கோரிக்கை.”

உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தை நடத்தியவர் ‘பதிவு செய்யப்பட்டது’ என்றார். எனக்கு என்னவோ உறுத்தியது. கள்ளியங்காடு என்ற பெயரை எங்கோ கேட்ட ஞாபகம்.

மறுநாள் காலை ஜோசியரின் அறைக்குப் போனேன். அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் யாழிசை. முப்பது வயது, அப்பட்டமாகப் பேசுவாள், அதனாலேயே இரண்டு பதவி உயர்வை இழந்தவள்.

“கள்ளியங்காட்டைக் காட்டு” என்றேன்.

திரையில் காட்டினாள். ஆற்றோரக் குடிசைகளை எடுத்துவிட்டுக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஆயிரத்து அறுநூறு பிரதிகள். சுற்றிலும் ஊரெல்லாம் பிரதிகள் ஈ மொய்த்தாற்போல் அலைந்துகொண்டிருக்க, இங்கே ஒன்றுகூட நகரவில்லை.

“இவங்க யாரும் வெளியவே போறதில்ல சார். இன்னிக்கு மட்டுமில்ல, முப்பது வருஷத்துக்கும் இப்படியேதான் உக்காந்திருக்காங்க. யாரும் போகாத ஊருக்கு எதுக்கு சப்வேன்னு ஜோசியர் விட்டுட்டார்.”

“அந்தம்மா வாரத்துல மூணு நாள் பஸ்ஸுல போறதாச் சொன்னாங்களே. பஸ்ஸுல ஏறுறவங்களை எண்ணுறோமில்ல?”

“தலையைத்தான் சார் எண்ணுறோம். யாரோட தலைன்னு கேக்குறதில்ல. அந்தரங்கச் சட்டம் வந்ததுல இருந்து போன் எங்க போகுதுன்னும் பாக்கக் கூடாது. நாலு நாப்பது பஸ்ஸுல எழுபது பேர் ஏறுறாங்க. அது யாராயிருக்கும்னு இவரே யோசிக்கிறார். கள்ளியங்காட்டுல ஆளே அசையறதில்ல. அதனால பக்கத்துல இருக்குற அமரில்லிஸ் கார்டன்ஸ்ல இருந்து ஏத்தி விட்டுட்டார்.”

அமரில்லிஸ் கார்டன்ஸ் கேட் போட்ட வில்லாக்கள். வீட்டுக்கு மூன்று கார். அந்த மகாராஜாக்கள் விடியற்காலை நாலு நாற்பதுக்கு டிபன் கேரியரோடு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதாக ஜோசியர் நம்பிக்கொண்டிருந்தார். அதனால் அவர்களுக்கு இரண்டு சுரங்கப்பாதை. எனக்குச் சிரிப்பு வந்தது. யாழிசைக்கு வரவில்லை.

“இவங்க அசையறதில்லன்னு முதல்ல சொன்னது யார்?” என்றேன்.

“2029 வீட்டுக் கணக்கெடுப்பு. அதுதான் இவருக்கு விதை. மத்ததெல்லாம் அது மேல கட்டினது.” எதையோ தேடி எடுத்தாள். “நானூத்திப் பன்னண்டு வீட்டுலயும் ஒரே பதில். ‘நேற்று யாரும் வெளியே செல்லவில்லை.’ எடுத்தவர் பேர் கூட இருக்கு சார்.”

பெயரைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்ப்பதற்கு முன்பே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

2029இல் எனக்கு இருபத்திரண்டு வயது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவர்களை நாள்கூலிக்கு எடுத்தார்கள். கையில் ஒரு டேப்லெட். ஒரு நாளைக்கு அறுபது வீடு முடிக்க வேண்டும். முதல் கேள்வி, ‘நேற்று இந்த வீட்டிலிருந்து யாராவது வெளியே சென்றார்களா?’ ஆம் என்று தொட்டால் இருபத்தெட்டுக் கேள்விகள் வரிசையாகத் திறக்கும். எங்கே போனீர்கள், எதில் போனீர்கள், எத்தனை மணிக்கு, எங்கே மாறினீர்கள் என்று. இல்லை என்று தொட்டால் படிவம் உடனே மூடிக்கொள்ளும். ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஆனால் அதைத் தொட்டால் அந்த வீடு கணக்கில் சேராது, மூன்று முறை திரும்ப வர வேண்டும். சூப்பர்வைசர் இரண்டாவது நாளே தொழில் ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தார். பூட்டியிருந்தால் யாரும் போகவில்லை என்று போட்டுவிடு, யார் பார்க்கப்போகிறார்கள்.

கள்ளியங்காட்டுக்கு நான் தினமும் பதினோரு மணிக்குப் போனேன். எல்லா வீடும் பூட்டியிருந்தது. ஏன் பூட்டியிருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் விளங்கியிருக்கும். ஊரிலேயே எல்லாருக்கும் முன்னால் எழுந்து, எல்லாரையும்விட அதிக தூரம் போகிறவர்களின் வீடுகள் அவை. நான் யோசிக்கவில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்து, போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே, ஒரு வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் முடித்தேன். வேகமாக வேலை செய்ததற்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். இந்த ஆணையத்தில் வேலைக்கு விண்ணப்பித்தபோது அதையும் இணைத்திருந்தேன்.

வெட்கமாக இருந்தது.

“சார், சட்டத்துல ஒரு வழி இருக்கு” என்றாள் யாழிசை, என் முகத்தைப் பார்க்காமல். “அடிப்படைத் தகவல் பிழைன்னு நீங்க கையெழுத்துப் போட்டா ஒரு பகுதியை மறுபடி எடுக்கலாம். பத்து வருஷத்துக்கு ஒரே ஒரு முறை. அதுக்கப்புறம் இவர் என்ன சொன்னாலும் அதுதான்.”

“போடறேன். நானே போய் எடுக்கறேன்.”

“இந்தத் தடவை ஞாயித்துக்கிழமை போங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். ஐந்து ஞாயிறுகள் போனோம். மற்ற நாட்களின் மாலைகளிலும் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் இருபத்தெட்டுக் கேள்விகள். சேர் எடுத்துப் போட்டார்கள், மோர் கொடுத்தார்கள். சப்வே வரும் என்றதும் பக்கத்து வீட்டையும் எழுப்பிக் கூட்டி வந்தார்கள். நடக்க முடியாதவர்களிடம் தர்ஷினியே எங்களை அழைத்துக்கொண்டு போனாள்.

அவள் வீடு மூன்றாவது பிளாக்கில். அவள் கணவன் கௌதம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு காலத்தில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இப்போது மணிக்கட்டில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறாக முறுக்கேறியிருந்தது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். அளவுக் கோப்பையைத் தலைமாட்டில் வைத்திருந்தான்.

“எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க?” என்று ஆரம்பித்தேன்.

“நாலு மணிக்கு ரெண்டு பேரும் நடந்து நிறுத்தத்துக்கு வந்துருவோமுங்க” என்றாள். “இவர ஆஸ்பத்திரில உட்டுட்டு, அங்கிருந்து வேற பஸ்ஸு, அப்புறம் ஒரு மினி பஸ்ஸு. ஏழரைக்கு வேலைக்குப் போயிருவேன்.”

“திரும்ப?”

“அஞ்சு மணிக்கு முடியுமுங்க. இவரு அதுவரைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவுலயே படுத்திருப்பாரு. கூட்டிட்டு வந்து சேர எட்டரை ஆயிரும்.”

“பொய்யிங்க” என்றான் கௌதம், மெல்லச் சிரித்துக்கொண்டு. “ஒம்போது ஆகும். இவ எப்பவும் அரை மணி கொறச்சுத்தான் சொல்லுவா, எனக்குக் கேக்கக் கஷ்டமா இருக்கும்னு.”

“ஒம்போதுன்னே போட்டுக்கங்க சார். உள்ளதச் சொல்லீருவோம்.”

ஏழரை மணி நேரப் பயணம். நான் அப்படியே பதிந்தேன். பிறகு என்னால் அடக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டு வாசலில் நான் செய்ததைச் சொன்னேன். கௌதம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள்தான் பேசினாள்.

“அப்ப எங்கம்மா மில்லுக்குப் போயிருப்பாங்க. நான் ஸ்கூலுக்குப் போயிருப்பேன். நீங்க வேணும்னேவா பண்ணுனீங்க, சார்? இப்பத்தான் சரி பண்ண வந்துட்டீங்கல்ல.”

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

ஆறாவது வாரம் கையெழுத்துப் போட்டுத் தகவலை ஏற்றினோம். ஜோசியர் நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அந்த நாலு மணி நேரமும் நானும் யாழிசையும் கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். அவள் இரண்டு முறை மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முதல் முறை வந்து, “நகர ஆரம்பிச்சுட்டாங்க சார், நாலு மணிக்கே எந்திரிச்சுட்டாங்க” என்று சிரித்தாள். இரண்டாம் முறை வந்தபோது எதிரே உட்கார்ந்து தண்ணீரைப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சப்வே?” என்றேன்.

“இல்ல.”

“ஏன், மறுபடியும் நம்பலையா?”

“நம்பிட்டார். அதான் பிரச்சினை.” தண்ணீர் குடித்தாள். “இத்தனை நாளா இவங்க வீட்டுலயே இருந்ததா நினைச்சுட்டிருந்தார். இப்ப பார்த்தா ஆளுக்கு ஆறு மணி, ஏழு மணி நேரம் பஸ்ஸுல கிடக்குறாங்க. பெருநகரத்துலயே மோசமான பகுதி இதுதான்னு எடுத்துக்கிட்டார். சப்வே கட்டிக் குடுத்தாலும் நாலு மணி நேரத்துக்குக் கீழ இறங்காது. சட்டம் ஒரு மணி நேரம்னு சொல்லுது. அதனால…”

“அதனால?”

“பயணத்தையே எடுத்துட்டார். வேலைக்குப் போறவங்க எல்லாருக்கும் வேலை பாக்குற இடத்துலயே தங்குமிடம். வில்லாவுல வேலைன்னா வில்லா வளாகத்துல, மில்லுன்னா மில்லுல. அடுக்குக் கட்டில். பயண நேரம் ரெண்டு நிமிஷம். கள்ளியங்காடு சரக்கு யார்டு ஆகுது.”

“வேலைக்குப் போகாதவங்க?”

“சார்ந்தோர் இல்லம். கிழக்க, எழுபது கிலோமீட்டர் தள்ளி. அவங்க எங்கயும் போக வேண்டியதில்ல, அதனால எங்க இருந்தாலும் ஒண்ணுதானாம்.”

நான் மேலே ஓடினேன். கௌதமின் பிரதியைத் தேடி எடுக்கச் சொன்னேன். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போன பிரதி, சார்ந்தோர் இல்லத்துக்குப் போன பிறகு எங்கும் போகவில்லை. போக வழி இல்லை, எழுபதும் முப்பத்துநாலும் நூற்று நாலு கிலோமீட்டர். பதினோராவது நாள் பிரதி நின்றுவிட்டது. அதற்குப் பக்கத்தில் ஜோசியர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: இலக்கு நிறைவேறியது.

“இதுல ஆள் சாகுறான், இவருக்குத் தெரியலையா?” என்றேன்.

“தெரியும் சார். ஆனா அது சுகாதாரத் துறை. நாம போக்குவரத்து.”

அன்றே ஆட்சேபம் எழுதினேன். பத்து வருடத்துக்கு ஒரு முறை என்ற விதிப்படி நிராகரிக்கப்பட்டது என்று நாலு விநாடியில் பதில் வந்தது. அமைச்சரைப் பார்த்தேன். நல்ல மனிதர், காது கொடுத்துக் கேட்டார். “யார் சொன்னாலும் மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே சார் எழுதினீங்க” என்றார். சுகாதாரத் துறைக்குப் போனேன். சார்ந்தோர் இல்லத்தில் டயாலிசிஸ் வசதி 2056 திட்டத்தில் இருப்பதாகக் காட்டினார்கள். பத்திரிகைக்குச் சொன்னேன். ‘ஒரே வளாகத்தில் வேலையும் வீடும்’ என்று முதல் பக்கத்தில் போட்டார்கள். தங்குமிடத்தின் படம் அழகாக இருந்தது.

பங்குனி மாதம் ஆணைச் சீட்டுகள் வீடு வீடாகப் போயின. மூன்றாம் நாள் தர்ஷினி என் அலுவலகத்துக்கு வந்தாள். அதே நீலக் கோட்டு. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். இரண்டு சீட்டையும் மேஜையில் அருகருகே வைத்து, சுருக்கம் போகக் கையால் நீவிவிட்டாள்.

“என்னுதுல கட்டில் நம்பர் போட்டிருக்குங்க. இவருதுல வேற ஊரு பேரு.”

“தெரியும்மா.”

“அங்க மிஷின் இல்லீன்னு நம்ம ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாங்க. வண்டியும் கிடையாதாமே.”

“நான் எல்லா இடத்துலயும் கேட்டுப் பார்த்துட்டேன். முடியல.”

“தனியா வீடு பாத்துக்கறோமுன்னா?”

“சுவருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்கு ஜோசியர் அனுமதி வேணும். ஏழு வருஷக் காத்திருப்பு.”

தலையாட்டினாள். அவள் இதையெல்லாம் ஏற்கெனவே விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று அப்போது புரிந்தது.

“ஒண்ணு கேக்கோணும் சார். அன்னிக்கு நான் உள்ளதச் சொல்லாம இருந்திருந்தா?”

“பஸ் மட்டும்தான் நின்னிருக்கும். வீடு இருந்திருக்கும். வேற ஏதாவது வண்டி பார்த்திருக்கலாம்.” பொய் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. “தப்பு உங்க மேல இல்ல. என் மேல.”

“தப்பப் பத்தி நான் பேச வரலீங்க.” தன் சீட்டை எடுத்து என் பக்கம் தள்ளினாள். “வேலைங்கற இடத்துல துப்புரவுன்னு போட்டிருக்குதில்ல. அத எடுத்துப்போடுங்க. நேத்தோட நின்னுட்டேன். இவரு போற எடத்துக்கே எனக்கும் போட்டுருங்க.”

“அங்க போனா திரும்ப வேலைக்கு வர முடியாதும்மா. அவருக்குப் பிறகும் நீங்க அங்கேயேதான். அவருக்கு…”

“எத்தன நாளுன்னு உங்க மிஷின் சொல்லியிருக்குமுங்க. எனக்குச் சொல்லாதீங்க.”

வேலை நிலையை மாற்றுவதற்குக் கையெழுத்தோ விதியோ தேவையில்லை. வேலை இல்லை என்று யார் சொன்னாலும் ஜோசியர் உடனே நம்பிவிடுவார், கேள்வி கேட்க மாட்டார். கணினியில் மாற்றினேன். மூன்று விநாடியில் புதிய சீட்டு வந்தது. அச்சடித்துக் கொடுத்தேன். அவள் அதைக் கணவனின் சீட்டோடு வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள். ஊர், தேதி, நேரம்.

“ரெண்டு பேருக்கும் ஒரே வண்டிதானுங்களே?” என்றாள்.

“ஒரே வண்டிதான்” என்றேன்.

“பக்கத்துப் பக்கத்து சீட்டாப் போட முடியுமா பாருங்க, சார். அவரு தூங்கறப்ப சாஞ்சுக்குவாரு.”